அத்தையைச் சீட்டைக் காட்டச் சொன்ன நாள்

தென்காசியில் வாழ்க்கைப்பட்டவளுக்குச் சாரல் என்றால் சமையல். குற்றாலத்தில் அருவி விழுந்ததும் சிவகிரி, வடகரை உறவெல்லாம் குளிக்க வந்துவிடும். அவர்கள் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிப்பார்கள். நாங்கள் மூன்று மருமகள்களும் அடுப்படியில் வேர்வையில் குளிப்போம். அந்த மாதங்களில் பிறந்த வீட்டுப் பேச்சையே எடுக்க முடியாது.

அணாவுக்கும் புதுப் பைசாவுக்கும் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். என் தம்பி பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான், மறுநாள் காலையில் கிளம்புகிறான் என்று என் பிறந்த ஊர் வாசுதேவநல்லூரிலிருந்து ஆள் வந்து சொன்னான்.

"ஒரு நாள் போயிட்டு வாரேன் அத்தை" என்று மாமியாரிடம் கேட்டேன்.

"சீட்டை எடுட்டி. ஜெயிச்சா போ" என்றாள்.

அத்தைக்கு மூணு சீட்டுப் பைத்தியம். சமையல் முடிந்து, விருந்தாட்கள் அருவியில் கிடக்கும் நேரத்தில் எங்களை உட்கார வைத்துவிடுவாள். பந்தயம் புளியங்கொட்டை. ஆளுக்கு மூன்று சீட்டு. கை நன்றாக இருந்தால் கொட்டை வைத்துக்கொண்டே போகலாம், இல்லையென்றால் கவிழ்த்துப் போட்டு ஒதுங்கலாம். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினால் ஒருத்தி மற்றவளைக் காட்டச் சொல்லலாம். ஆனால் மாமியாரைப் பார்த்துக் காட்டு என்று எந்த மருமகள் சொல்வாள்? அவள் கொட்டையை அள்ளி வைத்ததுமே நாங்கள் கவிழ்த்துவிடுவோம். அவள் கையில் ராஜா இருந்ததா கூஜா இருந்ததா என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அன்றைக்கு எனக்கு வந்தது இரண்டு ஏழு சேர்ந்த ஒரு ஜோடியும் உதவாத ஒரு மூன்றும். ஏழு ஜோடி இரண்டாந்தாரத்து மாப்பிள்ளை மாதிரி. தள்ளவும் மனசு வராது, சரி என்று சொல்லவும் வாய் வராது. மூத்தவள் கவிழ்த்தாள். நடு மருமகளும் கவிழ்த்தாள். அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே ஒரு குத்துக் கொட்டையை நடுவில் தள்ளினாள். நானும் தள்ளினேன்.

"என்னட்டி, பெரிய கையோ?"

"ஏதோ இருக்கு அத்தை."

"அப்பம் வையி."

வைத்தேன். கொட்டை தீரப்போகிறது. கவிழ்த்தால் தம்பி முகம் இல்லை. காட்டச் சொல்லித் தோற்றால்கூடப் பரவாயில்லை, ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்றுதான் பயம். என்னைக் கேட்காமலே என் வாய், "காட்டுங்க அத்தை" என்றது.

மூத்தவள் கை விசிறி நின்றுவிட்டது. அத்தை சீட்டுகளை மெதுவாகத் திருப்பினாள். இரண்டு, ஐந்து, ஒன்பது; ஒரு ஜோடிகூட இல்லை. நானும் என் ஏழு ஜோடியைத் திருப்பி வைத்தேன்.

"போ. ஒன் தம்பியப் பாரு" என்று எழுந்து உள்ளறைக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன்.

"எனக்கென்னத்துக்குச் சோறு? மருமவ கேட்ட கேள்வியிலயே வயிறு நெறஞ்சிட்டு."

கடையிலிருந்து சாப்பிட வந்த என் வீட்டுக்காரர், "எங்கம்மா பட்டினி கெடக்கா, நீ பஸ் ஏறுதியா? ஏறு, நல்லா ஏறு" என்றார்.

அடுப்படியில் மூத்தவள் என் காதைக் கடித்தாள். "ஏட்டி, முறுக்கு டின்னு அவுக தலமாட்டுலதான் இருக்கு. பட்டினியாவது ஒண்ணாவது. நீ போ."

"நீங்க பாத்தியளாக்கா?"

"பாக்கல. தோணுது."

தோன்றுவதை நம்பி எப்படி பஸ் ஏறுவது? டின்னைத் திறந்து பார்த்துவிடலாம். அதற்கு அத்தையைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தைரியம் வரும்; அது அப்போதே செலவாகிவிட்டது. மாற்றுச்சேலை வைத்திருந்த பையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

சாயங்காலம் கடைசி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வடக்கே போனது. அந்தச் சத்தம் அடங்கவில்லை, உள்ளறைக் கதவு திறந்தது.

"ஏட்டி, ரசம் இருக்கா? தெளிவா ஒரு தம்ளர் ஊத்து."

முந்தானை நிறைய முறுக்குத் தூள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏழு ஜோடிய வச்சிக்கிட்டா என்னையக் காட்டச் சொன்ன? நானா இருந்தா கவுத்திருப்பேன்."

தம்ளரை வாங்கிக் கழுவினேன். மறுநாள் தம்பி ரயிலேறிய நேரத்தில் சிவகிரிக்காரர்களுக்கு இட்லி அவித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எட்டிப் பார்த்தாள்.

"முறுக்கு தீந்துபோச்சுட்டி. இன்னைக்கு ஒரு ஈடு சுட்டுரு."