யோசுவா ஐயரின் கடைசித் தாள்

சின்னமனூரில் ஒருவருக்குக் கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். மேகமலையிலிருந்து யோசுவா ஐயரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, போனில் அழைத்தார். “அய்யா போயிட்டாக” என்றார். அதற்குமேல் பேனா ஓடவில்லை.

யோசுவா ஐயர் எங்கள் சபையில் ஆறு ஆண்டுகள் போதகராக இருந்தார். அவர் பிரசங்கம் எங்கே தொடங்கினாலும், பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த, யாரும் அறியாத ஒரு பாதிரியாரிடம் வந்துதான் முடியும். அந்தப் பாதிரியாரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். “பெரிய பதவி எதையும் பார்க்காத மனுஷன்யா. நாமளும் எழுதலைன்னா யாரு எழுதுவா?” என்பார். நமக்கோ மணி பன்னிரண்டைத் தாண்டினால் வயிறு கூப்பாடு போடும்.

அவரை மாற்றச் சொல்லிப் பேராயருக்கு மனு எழுதியவன் நான். சபைச் செயலாளர் என்ற மிதப்பு. கையெழுத்துப் போட்டவர்கள் சபையில் பலர், வாசகம் என்னுடையது. ‘மந்தையை மறந்தவர்’ என்றுகூட எழுதினேன், பாவி. ஐயரை மேகமலைத் தேயிலை எஸ்டேட் சபைக்கு மாற்றினார்கள். வழியனுப்பு விழாவில் மாலை போட்டு அழுததும் நான்தான்.

ஒரே மாதத்தில் மலை பஸ்ஸில் ஒரு கட்டுத் தாள் கொடுத்துவிட்டார். “செயலாளரே, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. என் கிறுக்கலைப் படியெடுத்துத் தருவீகளா?” என்று போனில் கேட்டார். மனு அவர் கண்ணில் படவில்லை என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான்கு ஆண்டுகள் படியெடுத்தேன். உண்மை பலமுறை வாய்வரை வந்தது. அடுத்த கட்டு வரட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

அடக்கத்துக்குப் போனேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். “சீக்காளி இருக்கிற வீட்டை எட்டிப்பார்க்காமப் போகமாட்டாக” என்று ஒருத்தி அழுதாள். மந்தையை மறந்தவராம்! எல்லாம் முடிந்ததும் ஐயரம்மா கடைசி அத்தியாயத்தை நீட்டினார். “உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லியிருந்தாக.”

அங்கேயே நின்று படித்தேன். இங்கிலாந்துப் பாதிரியாரையும் மலையோரச் சிற்றூருக்கு விரட்டியது சபையார் கொடுத்த ஒரு மனு. எழுதியவர் சபையின் எழுத்தர். கடைசித் தாளில் ஐயர் எழுதியிருந்தார்: “மனுவைப் பார்த்த போதகர் மிகவும் நொந்துபோனார். பிறகு, தம் பிரசங்கங்களைப் படியெடுக்க அந்த எழுத்தரிடமே கொடுத்தார். உறவு விட்டுப்போகாமலிருக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.”

புத்தகம் முழுவதும் இப்போது என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த ஒரு தாளை மட்டும் நான் படியெடுக்கவில்லை. அது அவர் கிறுக்கலிலேயே என்னிடம் இருக்கட்டும்.