குப்பியில் பிடித்துக் கொடுத்த தண்ணீர்

அகலவாய்க் கண்ணாடிக் குப்பி அது. கழுத்தில் ஒட்டியிருந்த சீட்டில் எங்கள் ஊர்ப் பெயர் எழுதியிருந்ததாகச் சொன்னார்கள். தொண்ணூறுகளில் ஒரு பங்குனி மாதம், நொய்யல் கரையில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரம்மா அதை என் கையில் கொடுத்தார்.

வரவழைத்தவர் என் கொழுந்தனார். சாயப்பட்டறைக் கழிவு எங்கள் கிணற்றில் இறங்கி, தண்ணீர் நீலம் பாரித்து நாறியது. தென்னை குருத்தோடு கருகியது. மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக மனுக் கொடுத்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பல தேசங்கள் சேர்ந்து நடத்துகிற சபை ஒன்று உண்டு, தண்ணீரைக் கெடுத்தது குற்றம் என்று அது சொன்னால் நம் சர்க்கார் அசையும், சாயத்துணி வாங்குகிற தேசமும் கேள்வி கேட்கும் என்று வாத்தியார் ஒருவர் சொல்ல, கொழுந்தனார் அங்கே எழுதினார். எழுதி எழுதி, ஒருநாள் ஜீப் வந்தது.

ஜீப்பில் வந்த மற்றவர்களைக் கொழுந்தனார் கழிவு வாய்க்காலுக்குக் கூட்டிப் போயிருந்தார். "அம்மா, நீங்க புழங்குற கெணத்துத் தண்ணிய இதுல புடிச்சுக் குடுங்க" என்றார் வெள்ளைக்காரம்மாவின் பேச்சைத் தமிழில் சொல்ல வந்தவர்.

எங்கள் பக்கம் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேச்சு. தண்ணீர் கெட்ட வீடு என்று பேரானால் என் மகளை யார் கட்டுவார்கள்? தம்பி கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த சிறுவாணித் தண்ணீர் பித்தளைக் குடத்தில் இருந்தது. குடிக்க அதைக் கொடுத்தேன். குப்பியிலும் அதையே நிறைத்தேன்.

ஆடியில் அந்தச் சபையிலிருந்து கடுதாசி வந்தது. வாய்க்காலை ஒட்டிய கிணறே சுத்தமாக இருப்பதால் குற்றத்துக்குச் சாட்சியம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். கருகிய தென்னையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனவர்கள் குப்பியைத்தான் நம்பினார்கள்.

பட்டறைக்காரன் கோயிலில் பத்துப் பேர் முன்னால் என்னை நிறுத்தினான். "ஏனுங்க அக்கா, உங்கூட்டுத் தண்ணி சீமைக்காரனுக்கே புடிச்சுப்போச்சாமா. எனக்கும் ஒரு சொம்பு குடுக்கறது."

அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் எங்களில் கூப்பிடுவது. அன்றைக்குக் கொழுந்தனார் கேட்டார்: "எந்தத் தண்ணிய நங்கை குடுத்தீங்க?"

"வந்த சனத்துக்கு அந்த நாத்தத் தண்ணியவா குடுப்பாங்க? நம்மூட்டு மானம் என்னாகறது?"

கிணற்றில் ஒரு சொம்பு மொண்டு வந்து நீட்டினார். "அந்த மானத்தையுங் குடிச்சுப்போடுங்க."

அடி தெரியக் குடித்தேன். தொண்டை எரிந்தது.

"எப்பிடீங்க இருக்குது?"

"கொஞ்சம் உப்புங்க. வேறொண்ணுமில்ல."

அடுத்த வருஷம் தோட்டம் வெள்ளாமைக்கு ஆகாமல் போனது. கொழுந்தனார் அதே பட்டறைக்குக் கூலிக்குப் போனார். சாயம் முழங்கைவரை ஏறி, எதில் தேய்த்தும் போகவில்லை.

இன்று அந்தக் கிணற்றை மூடிவிட்டோம், கொழுந்தனாரும் காலமாகிவிட்டார். மகளுக்கு நல்ல இடம்தான் அமைந்தது. அவர் இருந்தபோதே நடந்த அந்தக் கல்யாணப் பந்தியில், பித்தளைக் குடத்திலிருந்து நான் ஊற்றிய தண்ணீரைச் சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி இனிப்பா இருக்குதுங்களே" என்றார். பக்கத்து இலைக்கு நீலக் கையால் சோறு போட்டுக்கொண்டிருந்த கொழுந்தனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எங்க கெணத்துத் தண்ணிதானுங்க" என்றேன்.