கப்பலைத் தடுத்த இருமல்

எனக்கு எட்டு வயதானபோது அப்பா ஒரு முடிவெடுத்தார். அந்தமானில், இந்தப் பாம்பூஃப்ளாட்டில் படித்தால் பெண் உருப்படமாட்டாள், மெயின்லேண்டில் பெரியப்பா வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று. அடுத்த மெட்ராஸ் கப்பலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டதாகவும் தெரியவில்லை. பெரியப்பாவை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன், அதிலேயே முறைத்துக்கொண்டிருந்தார்.

கப்பலுக்குப் பத்து நாள் இருக்கையில் சளி பிடித்து எனக்கு இருமல் வந்தது. இருமுகிற பிள்ளைக்கு உடம்பு சரியாக இருக்கிறதென்று டாக்டர் சீட்டுத் தரமாட்டார், சீட்டு இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அப்பா பதறிப்போய் என்னையும் அம்மாவையும் பக்கத்து வீட்டு வங்காளி பாபுவிடம் கூட்டிப்போனார். அவர் பகலில் குமாஸ்தா, சாயங்காலம் ஹோமியோபதி. சர்க்கரை உருண்டைகளைக் கை படாமல் என் நாக்கில் கொட்டிவிட்டுப் பத்தியம் சொன்னார்.

“பியாஜ் பந்த். காபி பந்த். கபூர் வாசனைகூட பந்த். தவாயோட பவர் போயிடும்.”

“சாமிக்கு ஏத்துற கற்பூரமுமா பாபுஜி?” என்றாள் அம்மா.

“ஹாங், வோ பீ பந்த்.”

எனக்கு வழி கிடைத்துவிட்டது. பியாஜ் என்றால் வெங்காயம், அதைத் தின்றால் மருந்து கேட்காது. அன்றிலிருந்து அடுக்களைக் கூடையில் வெங்காயம் திருடி, கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று கண்ணில் நீர் வழிய மென்றேன். வாடை காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அம்மாவிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அவளோ எதையும் கண்டுகொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் கற்பூரம் ஏற்றுகிறவள், அப்போது தினமும் ஏற்றினாள். அப்பா வேலைக்குப் படகேறியதும் ஏற்றி, தட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, “நல்லா ஒத்திக்கடி” என்பாள். பாவம், பத்தியத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் ஞாபகப்படுத்தவில்லை.

இருமல் நிற்கவில்லை. வெங்காயத்தின் வேலையா, உருண்டைகளுக்கே பவர் இல்லையா, தெரியாது. டாக்டர் சீட்டுத் தர மறுத்துவிட்டார். கப்பல் போன மூன்றாம் நாள் இருமல் தானாக நின்றதும், “லேட் ஹுவா, லேகின் டீக் ஹுவா!” என்று, தாமதமானாலும் குணமாகிவிட்டதாகப் பாபு மார்தட்டிக்கொண்டார்.

ஆனால் எனக்கு மறக்காதது கப்பல் கிளம்பிய மத்தியானம்தான். சங்கு ஊதியது. அப்பாடா என்று எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அம்மா சட்டென்று என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நான் கப்பலைத் தவறவிட்டதற்குத்தான் அழுகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, “அழாதம்மா, அடுத்த கப்பல்ல கண்டிப்பா போயிடறேன்” என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள்.