நாலு பேருக்கு அனுமதி

ஒரு காலிப் படத்தைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. என் வேலை அப்படி. விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு, காட்டு மரங்களில் கட்டிவைத்த கேமராக்கள் தானாக எடுத்துத் தள்ளும் படங்களை வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். இது மிளா மான், இது கரடி, இது காட்டுப்பன்றி என்று குறித்து அனுப்புகிறேன். நிறையப் படங்களில் ஒன்றுமே இருக்காது. இலை ஆடியிருக்கும், வெயிலில் பாறை சூடேறியிருக்கும், ஏதோ போகிறது என்று நினைத்துக் கேமரா எடுத்திருக்கும். அதற்கெல்லாம் 'காலி' என்று போட வேண்டும்.

அன்று காலை வந்த படத்தில் மழை ஈரத்தோடு ஒரு ஒற்றையடிப் பாதை. பாதை முடிகிற இடத்தில் ஓடு வேய்ந்த சின்ன விடுதி. வாசலில் மூன்று படி. ஆள் இல்லை, விலங்கு இல்லை. ஆனாலும் 'காலி' என்று போடக் கை போகவில்லை. யாரோ இப்போதுதான் படியேறி உள்ளே போன மாதிரி இருந்தது.

அது வேறு ஏதோ மாநிலத்துக் காடு. எங்கள் பாளையங்கோட்டை மொட்டைமாடியில் ஏறி மேற்கே பார்த்தால் எங்கள் காடே தெரியும். அம்பாசமுத்திரம் தாண்டி பாபநாசம், அதற்கு மேல் சோதனைச் சாவடி, அப்புறம் புலிகள் காப்பகம். அங்கேயும் மரங்களுக்கு நடுவே தங்கும் விடுதி இருக்கிறது, ஆன்லைனில் பதிந்துகொள்ளலாம். அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டேன். இரண்டு நாள். அப்பா, அம்மா, நான். அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை வரும் காலுறைகூட வாங்குவதற்குத் தேடிவைத்துவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். ஆறு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் பாபநாசத்துக்கு மேலே போனதில்லை.

ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுக் கோயிலுக்குப் போய், ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு இரண்டு மூன்று நாள் தங்கி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்களும் வருடாவருடம் போவோம். அந்த வருடம் இரண்டாம் நாள் பகலில் அண்ணன் பாறையில் வழுக்கி ஆற்றோடு போய்விட்டான். மறுநாள் கீழே உடலாகக் கிடைத்தான். இருபத்திரண்டு வயது.

எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அதே ஆற்றுத் தண்ணீர்தான். அம்மா அதைக் குடிப்பதில்லை, கேன் தண்ணீர் வாங்குகிறாள். குழாய் திறந்ததும் வரும் முதல் குடத்தை எதற்கும் எடுக்காமல் முருங்கை மரத்து மூட்டில் கொண்டுபோய் ஊற்றுவாள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கும் அப்பா தினமும் இரண்டு தடவை ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். அவருக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாலம் தொடங்கியதும் முன்னால் போகும் பஸ்ஸின் நம்பர் பலகையை வெறித்துப் பார்ப்பார், பாலம் முடிந்ததும்தான் கழுத்து அசையும். இன்னொன்று. அண்ணன் பெயரை அப்பா சொல்வதில்லை. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட.

இப்படி ஒரு திசையையே பூட்டிவைத்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அவர்களை மேலே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "யம்மா, மலைக்குப் போவமா? ரெண்டு நாள்" என்றேன்.

"எந்த மலைக்கு?"

"நம்ம மலைக்குத்தான்."

கத்தி நின்றது. "திருச்செந்தூருக்கு வேணும்னா போவம். கடக்காத்து வரும்."

"அங்க ஒரே கூட்டம்."

"கூட்டமா இருந்தா நல்லதுதானட்டி" என்றாள் அம்மா. "ஆள எண்ணிப் பாக்கத் தோணாது."

அப்பாவிடம் கேட்டபோது அவர் சிரித்து ஒதுக்கப் பார்த்தார். "காட்டுல போயி என்னத்தப் பாக்கப் போற? துட்டு குடுத்துக் கொசுக்கடி வாங்கணுமாக்கும். இங்கன சும்மாவே கடிக்கி."

"புலி பாக்கலாம் யப்பா."

"ஒங்க அம்மையப் பாத்துட்டு இருக்கேன்லா, போதும்."

அடுப்படியிலிருந்து அம்மா, "ஆமா, புலி ஆக்குன சோத்தத்தான் மூணு வேளையும் திங்கியரு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சம்மதம் வாங்கிவிட்டுச் செய்கிற பொறுமை எனக்குக் கிடையாது. மறுநாளே பதிந்துவிட்டேன். எங்கள் வீட்டில் படிவம் என்றால் நான்தான். ரேஷன் கார்டு, ரயில் டிக்கெட், காப்பீடு, எல்லாம் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே என் கைதான். யோசிக்காமல் வரும். அப்பா, அம்மா, அண்ணன், நான். ஆதார் எண்கள்கூட மனப்பாடம். ரேஷன் கார்டில் அண்ணன் பெயர் இன்னும் இருக்கிறது. எடுக்கணும் என்று யாராவது சொன்னால், பார்ப்போம் என்று அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

அனுமதிச் சீட்டு வந்ததும் முனைக் கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா கையிலிருந்து வாங்கினாள். அவள் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகள் பெயரை வாசித்து வாசித்து, பெயர்ப் பட்டியல் எதைப் பார்த்தாலும் சத்தமாகத்தான் வாசிப்பாள். அப்பா பெயரை வாசித்தாள். தன் பெயரை வாசித்தாள். மூன்றாவதாக அண்ணன் பெயரை வாசித்தாள். குரல் தடுமாறவில்லை. என் பெயரையும் வாசித்து முடித்தாள்.

நான் எட்டிப் பார்த்தேன். அவன் பெயருக்கு எதிரே நான் அடித்திருந்த வயது இருபத்திரண்டு. அதற்கு அடுத்த வரியில் எனக்கு இருபத்து நான்கு. மூத்தவனை நான் தாண்டிவிட்டதை ஒரு காட்டுச் சீட்டில் அச்சடித்துப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

"தப்பா வந்துட்டும்மா, மாத்திருதேன்" என்று அப்போதே சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த வனத்துறைக்காரர் நிதானமாகப் பேசினார்.

"மாத்தல்லாம் வேண்டாம் தாயி. மூணு பேருதான் வாரீங்கன்னா கேட்ல சொல்லிருங்க, ஒரு பேர அடிச்சிட்டுக் குடுப்பாங்க. ஏன், ஒருத்தரு வரலியா?"

"ஊர்ல இல்ல" என்றேன்.

"அப்பம் சரி. உள்ள எத்தன பேரு போறாங்களோ அத்தன பேரும் வெளிய வரணும், பாத்துக்கிடுங்க. எண்ணித்தான் விடுவோம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தபோது சீட்டு மேசையில் கிடந்தது. படித்தார். சோற்றைப் பிசைந்தபடியே, "ஏட்டி, அந்த மூணாவது பேர எடுத்துரு" என்றார். அப்போதும் பெயரைச் சொல்லவில்லை.

"எடுக்காண்டாம்" என்றாள் அம்மா.

"என்ன பேசுத நீ?"

"நாலு பேராப் போனோம். மூணு பேரா வந்தோம். அவன் அங்கனயேதான கெடக்கான்? நாம போயி கூப்பிட்டாத்தான வருவான்."

அம்மா பிறந்த ஊர்ப்பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். தண்ணீரில் போனவர்களை, போன இடத்தில் நின்று பெற்ற தகப்பன் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்புறம் ஒரு செம்பில் ஆற்றுத் தண்ணீர் மோந்து, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாரும் செய்து முடிக்கிற அந்தக் காரியத்தை எங்கள் வீட்டில் மட்டும் செய்யவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த முதல் குடத்துத் தண்ணீர் ஏன் முருங்கைக்குப் போகிறது என்பது அப்போது புரிந்துவிட்டது. ஆற்றில் அவன் இன்னும் இருக்கிறான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"தகப்பன் கூப்பிடணும்" என்றாள் அம்மா. "நான் கூப்பிட்டாப் போதும்னா அன்னைக்கே கூப்பிட்டிருப்பேன்."

அப்பா பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மாவைப் பார்க்கவில்லை.

"நான் கூப்பிட்டதுக்குத்தாம்ட்டி திரும்புனான். சோறு ஆறுதுலே, வாலேன்னு பேரச் சொல்லிக் கத்துனேன். பாறையில நின்னவன் திரும்பிப் பாத்தான். அப்படியே கால் வாரிட்டு."

அன்று நான் கூடாரத்துக்குள் இருந்தேன். இது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் எழுந்து வந்து, அப்பாவின் கை இன்னும் தட்டில் இருக்கும்போதே அதே தட்டில் மோர் ஊற்றினாள்.

"கூப்பிட்டதுக்குத் திரும்புனான்லா" என்றாள் பைய. "அப்பம் ஒங்க சொல்லுக்குத்தான் வருவான்."

அப்பா மோரும் சோறுமாகச் சாப்பிட்டு எழுந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் சீட்டை ரத்து செய்யவில்லை.

நான்கு நாள் அப்படியே போனது. இன்று காலை அப்பா குளிக்கும்போது, குழாய் திறந்திருந்த சத்தத்துக்கு நடுவே வேறு ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணன் பெயரின் முதல் எழுத்து. அதோடு நின்றுவிட்டது. மறுபடியும் அதே எழுத்து, மறுபடியும் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். திரும்பியபோது அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். உள்ளேயிருந்து ஏதாவது பதில் குரல் வந்துவிடுமோ என்று இரண்டு பேருமே காத்திருந்தோம் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்த அப்பா துண்டை உதறிக்கொண்டே, "எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வண்டி சொல்லியிருக்கிறேன். சாவடியில் சீட்டை நான்தான் நீட்ட வேண்டும். நாலாவது ஆள் எங்கே என்று கேட்பார்கள். ஊரில் இல்லை என்று இந்தத் தடவை சொல்லப்போவதில்லை, இறந்துவிட்டான் என்று சொல்லிப் பார்க்கப்போகிறேன். அங்கிருந்து நேரே ஆறு. தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் நின்று கூப்பிட்டால் போதும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குக் குரல் எழும்பவில்லை என்றால், முதல் எழுத்துக்கு அடுத்த எழுத்தை நான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.