மூன்றாவது தட்டு

நாளிதழில் சாப்பாட்டுப் பக்கம் எழுதுகிறவன் எதையும் சூடாகச் சாப்பிடுவதில்லை. படம் எடுத்து முடிப்பதற்குள் எல்லாம் ஆறிவிடும். இதே வேலையில் இருந்தவர்கள் இதைப் படித்தால் ஒரு பெருமூச்சு விடுவார்கள், தெரியும்.

நண்டு

எங்கள் படக்காரர் மணியம், கிள்ளான்காரர். அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான்: அவர் படம் எடுக்கும்வரை யாரும் தட்டில் கை வைக்கக் கூடாது. ஜெஞ்சாரோமில் ஒரு நண்டுக் கடைக்குப் போயிருந்தோம். மணியம் நாற்காலிமேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். பசி தாங்காமல் நான் ஒரு நண்டுக் காலை ஒடிக்கப் போனேன். மேலே நின்றபடியே கேமரா வாரால் என் கையில் ஒன்று போட்டார்.

பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாவம்லா பாஸ், சாப்பாட்டை எதிர்ல வச்சிக்கிட்டுப் பட்டினி கிடக்கிறீங்களே!"

முறை வரும்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் பீட்சாவை விறகு அடுப்பில் சுட்டுத் தருகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மணியத்தின் மகன் தினேஷுக்கும் அங்கே போக ஆசை. அவனுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. லீவு நாளில் எங்களோடு தொற்றிக்கொண்டு கடைகளுக்கு வருவான். அவன் கேட்கும்போதெல்லாம் மணியத்திடம் ஒரே பதில்தான்: "அவசரப்படாதடா. எங்க சாப்பாட்டுப் பக்கத்துல அந்தக் கடைக்கு முறை வரும்ல, அப்போ கூட்டிட்டுப் போறேன்."

முறை வருவதற்கு முன்னால், ஒரு மழைக் காலையில், வேலைக்குப் போன அவன் மோட்டார் சைக்கிளை லோரி மோதிவிட்டது.

முப்பதாம் நாள் படையலுக்கு நானும் போயிருந்தேன். இலையில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, கோழி, ஒரு குவளை மைலோ ஐஸ், அம்மாவுக்குத் தெரியாமல் அவன் பிடித்த சிகரெட்டுகூட இருந்தது. அவன் அம்மா இலையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு மணியத்திடம் சொன்னார்: "கேட்டுக்கிட்டே இருந்தானே, அந்த பீட்சாவ மட்டும் வைக்கலியேங்க."

பார்சல்

அடுத்த வாரமே நாளிதழ் ஆசிரியர் எங்களை அந்தக் கடைக்கு அனுப்பினார். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. மத்தியான வெயிலில் வரிசை பக்கத்துக் கடை வாசல்வரை நீண்டிருந்தது. வாங்கியதும் வீட்டுக்குக் கொண்டுபோய் மகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும் என்பதுதான் மணியத்தின் எண்ணம்.

வாசலில் கறுப்பு ஏப்ரன் கட்டிய பெண் ஒருவர் நின்றிருந்தார். மேற்பார்வையாளர்; தமிழ்ப் பெண்தான். "பார்சல் கிடையாது அங்கிள். பெட்டியில போட்டா ரப்பராயிரும். அப்புறம் கஸ்டமருங்க எங்களத்தான் குறை சொல்வாங்க."

மணியம் சொன்னார்: "சாப்பிடப் போறவன் குறை சொல்ல மாட்டாம்மா."

நாற்காலி

அப்படியும் பார்சல் கிடைக்கவில்லை. மணியம் மூன்று பேருக்கு மேசை கேட்டார். உள்ளே அடுப்பின் வாய் முழுக்கத் தீ. தீயைப் பார்த்த நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, அவர் தீக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

தினேஷ் கேட்ட சம்பல் நெத்திலி பீட்சா வந்தது. ஓரமெல்லாம் கருகி, நடுவில் மிளகாய்ச் சம்பல் கொதித்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், நானே கையை இழுத்துக்கொண்டேன். கேமரா பைக்குள்ளேயே இருந்தது. மணியம் முதல் துண்டை மூன்றாவது தட்டில் வைத்தார். கைபேசியில் மகன் படத்தைத் திறந்து, தண்ணீர்க் குவளையில் சாய்த்து நிறுத்தினார். கொஞ்சம் தண்ணீரைக் கையில் ஊற்றித் தட்டைச் சுற்றி விட்டார். பிறகு இரண்டு பேரும் சாப்பிடாமல் காத்திருந்தோம். சீஸ் இறுகிக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் வந்தார். "அங்கிள், வெளிய கூட்டம் நிக்குது. மூணாவது ஆளு வரலன்னா நாற்காலிய எடுத்துக்கட்டுமா?"

நாங்கள் பதில் சொல்வதற்குள் கைபேசியையும், தட்டைச் சுற்றி இருந்த தண்ணீரையும் பார்த்துவிட்டார். நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். பக்கத்து மேசையிலிருந்து ஒரு முள்கரண்டியை எடுத்து, துடைத்து, அந்தத் தட்டின் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி என்ன குடிப்பாரு அங்கிள்?"

"மைலோ ஐஸ்," என்றார் மணியம்.

"எங்ககிட்ட இல்ல. இருங்க, பக்கத்து மாமாக் டீக்கடையில வாங்கிட்டு வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பக்கம் படமில்லாமல் வந்தது. பீட்சா ஆறியிருந்ததை மட்டும் நான் எழுதவில்லை.