கொய்யாக்கிளையில் கிடைத்த வேலை

தீயணைப்புத் துறைத் தேர்வில் கயிறு ஏற வேண்டும். அறுபதுகளின் கடைசியில் முதல் தடவை போனபோது பாதிக் கயிற்றில் தொங்கிவிட்டு இறங்கி வந்தவன் நான். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்ததால் அடுத்த தடவைதான் கடைசி. அதையும் கோட்டைவிட்டால் அப்பா சொல்லிவைத்திருந்த குமாஸ்தா வேலைதான் கதி. நாற்காலியைத் தேய்த்துக் காலம் தள்ள எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

என்னோடு தோற்ற நண்பன் குரோம்பேட்டையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, என்னையும் இழுத்துப்போனான். கை நடுங்கிக் கீழே விழும்வரை கம்பியில் ஏறி இறங்கினால்தான் பலம் என்பது அங்கே சட்டம். ஒரே நாள் போனேன். மறுநாள் தலை வாரக் கை எழவில்லை. எரிச்சலாக வந்தது. சேலையூரில் டைப்ரைட்டிங் கற்றபோது விரல் வீங்கும்வரையா அடித்தோம்? தினமும் கொஞ்சம் அடித்தோம், விரல் தானாகப் பழகியது. கைக்கு மட்டும் என்ன தனி நியாயம்?

இரும்புலியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கக்கூஸுக்குப் போகும் வழியில் ஒரு கொய்யா மரம் இருந்தது. அதன் கிளையைப் பிடித்து, மோவாய் கிளையைத் தாண்டும்படி ஒன்றிரண்டு தடவை உடம்பைத் தூக்குவேன். மூச்சு வாங்கும் முன்பே விட்டுவிடுவேன். காபி குடித்தால் ஒரு நடை, பேப்பர் படித்து முடித்தால் ஒரு நடை என்று பகல் முழுக்கக் கொல்லைக்குப் போய்வந்தேன்.

அம்மாவுக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. ஓமத் தண்ணீரும் மோர் சாதமுமாக வைத்தியம் தொடங்கினாள். நான் விளக்கிச் சொன்னதை அவள் நம்பவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பியும் விட்டாள். பிறகு தெருவே என் வயிற்றை நலம் விசாரித்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கிளையை விடவில்லை. வாரத்துக்கு வாரம் உடம்பு லேசாகிக்கொண்டு வந்தது எனக்கல்லவா தெரியும்!

தேர்வுக்கு முந்தின நாளும் நண்பன் கூடத்துக்குப் போய் முழுமூச்சாகப் பயிற்சி செய்திருக்கிறான். காலையில் மைதானத்தில் என்னிடம் கையை நீட்டினான்.

"மச்சான், விரல் மடங்கவே மாட்டேங்குதுடா."

என்னைவிடப் பலசாலி அவன். பாதிக் கயிறுகூட ஏற முடியாமல் அவன் இறங்கி வந்தான்.

என் முறை வந்தது. சென்ற தடவை மாட்டிக்கொண்ட இடம் எது என்றே தெரியாமல் தாண்டிப்போய் உச்சியைத் தொட்டேன். இறங்கியும் கயிற்றை விட மனம் வரவில்லை. சந்தோஷத்தில் கொஞ்சம் திமிரும் சேர்ந்துகொண்டது.

"சார், இன்னொரு தடவை ஏறட்டுமா?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"வேலைக்கு வா. தினமும் ஏறலாம்."