மூலையில் மடிந்த துலிப் பூ

டார்னெய்ட்டில் இருக்கிற வீட்டில் இருந்து விமானம் ஏறி, சிட்னிக்கு ஒரு சுவர் மூலையைப் பார்க்கப் போனவன் நான்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

பதினான்கு வருஷமாகக் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறேன், எல்லாம் வெறும் வெள்ளை. போன மாசம் மனைவி சுகந்தி எங்கள் குசினிக்குத் துருக்கி டைல்ஸ் வாங்கினா. ஓட்டோமன் பள்ளிவாசல்களில் இருக்கிற மாதிரி, வெள்ளையில் நீலமும் சிவப்புமாகத் துலிப் பூக்கள். கடையில் அதுதான் கடைசிப் பெட்டி. ஒட்டிவிட்டுப் பார்த்தால், இரண்டு சுவரும் சேருகிற மூலையில் பூ பாதியோடு நிற்கிறது.

"விடுங்கோ, அடுப்புக்குப் பின்னாலதானே," என்றா.

தொழில்காரனுக்கு இதைவிட அவமானம் இல்லை. ஆனால் பெட்டியில் மிச்சம் இருந்தது நாலே நாலு டைல்ஸ். கழற்றும்போது அதற்கு மேல் உடைந்தால் சுவர் மொட்டைதான். ஆகவே கை வைக்க முதல் சரியான மூலை ஒன்றைக் கண்ணால் பார்த்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

சனி காலை 6.30 விமானம், போக வர 138 டொலர். பத்து மணிக்கு ரயிலில் சிட்னியின் புறநகரான ஓபர்ன், அங்கிருந்து கால் மணி நடையில் ஓட்டோமன் பாணிப் பள்ளிவாசல். எல்லாரும் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்க, நான் மூலையில் குந்தியிருந்தேன். அங்கே பொறுப்பாக இருந்த துருக்கிக்காரர் வந்து, என்ன தொலைத்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். டைல்ஸ் ஒட்டுகிறவன் என்றதும் அவரும் பக்கத்தில் குந்திவிட்டார்.

"சிவப்பைத் தொட்டுப் பார்," என்றார். பளபளப்புக்கு அடியில் சிவப்பு மட்டும் லேசாக மேடு தட்டியிருந்தது. மூலையில் பாதிப் பூ இந்தச் சுவரில், மறு பாதி அந்தச் சுவரில்.

"வெட்டின மிச்சத்தை நீ என்ன செய்வாய்?"

"வாளியில் போடுவேன். அடுத்த சுவருக்குப் புது டைல்ஸ்."

"இங்கே அந்த மிச்சம்தான் அடுத்த சுவரின் முதல் துண்டு."

வெள்ளை டைல்ஸ் பழக்கிவிட்ட புத்தி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெட்டின துண்டுகள் நல்லகாலம் கராஜ் வாளியிலேயே கிடந்தன. ஞாயிறு முழுக்க இரண்டாவது சுவரைக் கழற்றினேன். மூன்று உடைந்தது. மிச்சம் இருந்த நாலில் ஒன்று தேவைப்படவே இல்லை. வாளித் துண்டில் இருந்து தொடங்கித் திரும்ப ஒட்ட, பூ மூலையில் மடிந்து அடுத்த சுவரில் முழுசானது.

அந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்கு: வெள்ளி மத்தியானம் தொழுகை நேரம், தவிருங்கள். கையும் காலும் மூடின உடுப்பு வேண்டும். கேட்காமல் சுவரைத் தொடாதீர்கள்.

அடுப்புக்குப் பின்னாலதானே என்றவ, டைல்ஸில் எண்ணெய் தெறிக்கும் என்று இப்போது மீன் பொரிக்க என்னைக் கராஜுக்கு அனுப்புகிறா.